தரைத்தளத்தில் நிற்காத படிக்கட்டு

வானளாவிய குடியிருப்புகளைக் கட்டி விற்கும் நிறுவனத்தில் வடிவமைப்புப் பிரிவின் தலைவி என்றால் எப்படி இருப்பாள்? மொட்டைமாடி விளிம்பில் இடுப்பில் கை வைத்து நின்று, ஊரையே விரல் நீட்டிக் காட்டுவாள் என்றுதான் நினைப்போம். நம் மேடம் மொட்டைமாடிக்குப் போனால் நேரே நடுவிலிருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் போய் அதன் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கூட வந்தவர்கள் அவள் குழாயைச் சோதிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் மேடம். அவளைப் பெற்ற அம்மாவுக்கு மட்டும் பயந்தாங்கொள்ளி. இரண்டு பெயரும் அவளுக்குப் பொருந்தின.

சின்ன வயதிலிருந்தே எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் அவள் கண்கள் முதலில் வெளியே போகும் வழியைத்தான் தேடும். சினிமா கொட்டகையில் கதவோர இருக்கைதான் வேண்டும். ஜவுளிக் கடையில் துணியைப் பார்ப்பதற்கு முன் பின்வாசலைப் பார்ப்பாள். கல்லூரியில் பாடம் நடத்தும் அவள் கணவர் இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "கல்யாண மண்டபத்துல என் மூஞ்சியைப் பாக்கறதுக்கு முன்னாடி பின்பக்கக் கதவு எங்கேன்னு பாத்தவ இவ." அவளும் சேர்ந்து சிரிப்பாள். அது உண்மை.

படிப்பு முடிந்து முதலில் சேர்ந்த சின்ன அலுவலகத்தில் அழகான வேலையெல்லாம் ஆண்பிள்ளைகள் கைக்குப் போனது. கண்ணாடி முகப்பு, நீச்சல் குளம், தோட்டம் எல்லாம் அவர்களுக்கு. இவளுக்குக் கழிப்பறையும் மாடிப்படியும். வேறொருத்தியாக இருந்தால் மூக்கைச் சிந்தியிருப்பாள். இவளுக்கு உள்ளூர மகிழ்ச்சி. மாடிப்படி என்பது தப்பிக்கிற வழி அல்லவா? ஒவ்வொரு படியின் உயரத்தையும், கைப்பிடி எங்கே திரும்ப வேண்டும் என்பதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரைந்தாள்.

ஒரு சின்னக் கட்டிடத்துக்காக லிஃப்டு, படிக்கட்டு, தண்ணீர்க் குழாய், மின்கம்பி எல்லாவற்றையும் பயணப் பெட்டியில் துணி அடுக்குகிற மாதிரி இறுக்கி ஒரே இடத்தில் அடக்கினாள். ஜன்னலுக்குக்கூட இடம் விடவில்லை. அதனால் மாடிக்கு ஒரு படுக்கையறை கூடுதலாகக் கிடைத்தது. அந்த மனையின் சொந்தக்காரர் வரைபடத்தின் மேல் விரலை வைத்து, "இதைப் போட்டது யாரு?" என்று கேட்டார். என்ன தப்பு செய்தோமோ என்று இவள் கதவுப் பக்கம் நகர்ந்தாள். அவர்தான் பிற்பாடு அவளுக்கு முதலாளியானார். அந்தப் படிக்கட்டுதான் அவளுக்குச் சோறு போட்டது.

மனை வாங்கி வீடு விற்கிற தொழிலில் யாரும் வெற்றுத் தாளிலிருந்து தொடங்குவதில்லை. மனைக்கு விலை படிந்த உடனே, அதில் எத்தனை வீடு வரும் என்று முதலாளிக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் ஏற்கெனவே தேறிய படிக்கட்டுத் தொகுதியை அப்படியே எடுத்து நடுவில் ஒட்டிவிட்டு, சுற்றிலும் வீடுகளைப் பொருத்துவார்கள். அந்த அலுவலகத்தில் அதற்குப் பெயர் 'மேடம் படி'. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் அவளே அதைக் கொடுத்து, "இதை மட்டும் தொடாதீங்க. இது செக் பண்ணினது. சுத்தி வரையுங்க" என்பாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருக்கும். ஒரு தடவை சரிபார்த்ததை மறு தடவை யாரும் சரிபார்ப்பதில்லை என்பது அவர்கள் தொழிலின் சோம்பேறித்தனம். அதற்கு அவர்கள் வைத்திருந்த நல்ல பெயர் வேகம்.

அந்த முதல் கட்டிடத்தில் கார்கள் தூண்களுக்கு நடுவே தரையிலேயே நின்றன. கடைசிப் படியில் கால் வைத்தால் வெளிக்காற்று. இரண்டாவது கட்டிடத்தில் கார் அதிகம். பூமிக்குக் கீழே ஒரு தளம் தோண்ட வேண்டியிருந்தது. யாரோ ஒருவர், ஒருவேளை அவளேகூட, அதே படியை இன்னொரு முறை ஒட்டிக் கீழே இறக்கிவிட்டார். படிமேல் படி கச்சிதமாகப் பொருந்தியது. எங்கேயும் துருத்திக்கொண்டு நிற்காததால் யாரும் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

மேலிருந்து இறங்கும் படி தரைத்தளத்தோடு நின்றுவிட வேண்டும். அதற்குக் கீழே போகிற படியை மறித்து ஒரு கதவோ சுவரோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால், புகை சூழ்ந்த நேரத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர்கள், வாசல் எங்கே என்று தெரியாமல் நிலவறை வரை போய்விடுவார்கள். படி இருக்கிற வரைக்கும் கால் இறங்கிக்கொண்டுதானே இருக்கும்? முதலாண்டு மாணவருக்கும் தெரிந்த பாடம் இது. ஆனாலும் பதினோரு கட்டிடங்களில் மேடம் படி தரைத்தளத்தில் நிற்காமல் கீழே போய்க்கொண்டிருந்தது.

இது தெரியாமலே அவள் வளர்ந்தாள். தனி அறை வந்தது. அவளுக்குக் கீழே ஒரு பட்டாளம் வேலை பார்த்தது. விளம்பரப் புத்தகத்தில் அவள் படம் வந்தது. அந்த இரண்டாவது கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் அம்மாவுக்கு ஒரு வீடும் வாங்கிக் கொடுத்தாள். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வார்டின் இந்த மூலையில் நின்று அந்த மூலையில் இருக்கிற நோயாளியை மாத்திரை விழுங்க வைக்கிற குரல். "எம் பொண்ணு கட்டின வீடு" என்று எதிர்வீட்டு டீச்சரிடம் அவள் சொன்னால் தெருவுக்கே கேட்கும்.

ஒரு நாள் மதியம் அம்மாவைப் பார்க்க வந்திருந்தபோது மின்சாரம் போனது. ஜெனரேட்டர் இருமிவிட்டு அடங்கியது. லிஃப்டு நின்றது. போனில் முதலாளி, "எங்கம்மா இருக்கே? எல்லாரும் வந்தாச்சு" என்று கத்திக்கொண்டிருந்தார். மேடம் போனைக் காதில் வைத்தபடியே படியில் இறங்கினாள். ஜன்னல் இல்லாத படிக்கட்டு கன்னங்கரேலென்று இருந்தது. கைப்பிடியைத் தடவிக்கொண்டு, "இதோ சார், வந்துட்டேன் சார்" என்று சொல்லிக்கொண்டே போனாள். திடீரென்று முதலாளியின் குரல் அறுந்தது. படியும் முடிந்தது. கதவைத் தள்ளினாள்.

வெயில் அடிக்கும் என்று கண்ணைச் சுருக்கியவளுக்கு எதிரே இருட்டுதான் இருந்தது. ஈரச் சிமெண்டும் பெட்ரோலும் கலந்த வாடை. வெளியே பொழுது சாய்ந்துவிட்டதா என்று ஒரு கணம் குழம்பினாள். பிறகுதான் வரிசையாக நின்ற கார்கள் தெரிந்தன. நிலவறை. தான் வரைந்த படியில் தானே வழி தவறிவிட்டோமே என்று சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

மெல்ல மேலே ஏறி வந்து பார்த்தாள். தரைத்தளத்துக் கதவு பக்கவாட்டில், மற்ற மாடிக் கதவுகளைப் போலவே மூடிக்கொண்டு இருந்தது. அதைத் தாண்டிப் படி தன்பாட்டுக்குக் கீழே போனது. எங்கேயும் வழி தேடுகிறவளுக்கு இங்கே மட்டும் தேடத் தோன்றவில்லை. இதை வரைந்தவள் அவள்தானே என்ற நம்பிக்கை. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பதினோரு கட்டிடங்களும், அவற்றில் தூங்கி எழுகிற ஜனங்களும் அவள் கண் முன்னால் வந்து நின்றார்கள்.

திரும்பி மேலே வந்தவளைப் பார்த்து அம்மா கேட்டாள். "என்னடி, பேயறஞ்ச மாதிரி வந்து நிக்கறே?"

எல்லாவற்றையும் கொட்டினாள்.

"கதவு போடணும். அவ்வளவுதானே? போடு."

"அவ்ளோ சுலபம் இல்லம்மா. முதல்ல நீ கெளம்பு. எங்க வீட்டுக்கு வந்துடு."

"நானா? எதுக்கு?"

"கெளம்பும்மா, ப்ளீஸ்!"

மின்சாரம் வந்தபின் பெட்டியோடு லிஃப்டில் இறங்கினார்கள். இரண்டாம் மாடியில் பள்ளிப் பையோடு ஒரு பெண் குழந்தை ஏறி, "பாட்டி, ஊருக்கா?" என்று கேட்டது. அம்மா மகளைப் பார்த்தாள். குழந்தை இறங்கி ஓடிய பிறகு, "இதையெல்லாம் எங்கடி கூட்டிட்டுப் போவே?" என்றாள். மேடம் காரைத் திறக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் முதலாளி அறைக்குப் போனாள். வாசலில் நின்று மூன்று முறை திரும்பிவிட்டு, நான்காவது முறைதான் கதவைத் தட்டினாள்.

"உக்காரும்மா. ஏன் இப்படி வேத்திருக்கு? ஏசி ஓடுதே."

மென்று முழுங்கி விஷயத்தைச் சொன்னாள். அவர் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"யாராவது கேட்டாங்களா?"

"இல்ல சார்."

"குடியிருக்கறவங்க?"

"யாருக்கும் தெரியாது சார்."

"அப்புறம் நீயே ஏம்மா தண்டோரா போடறே? இனிமே கட்டறதுல போட்டுடு. பழசைக் கிளறாதே. அடுத்த டவர் விக்கிற நேரம் இது. ஒருத்தன் கேள்வி கேட்டா ஊரே கேக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "டிராயிங்ல யாரு கையெழுத்து இருக்குன்னு நான் சொல்லணுமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது. இந்த இடத்தில் மேசையைத் தட்டி எழுந்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் தட்டவில்லை. "சரி சார்" என்றாள். வெளியே வந்து கழிப்பறையில் போய் முகத்தைக் கழுவினாள்.

ஆனால் அவளால் சும்மா இருக்கவும் முடியவில்லை. தெருவில் தீயணைப்பு வண்டியின் மணி கேட்டால் கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்துவிடுவாள். வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பால்கனிக்கு ஓடுவாள். முதலாளியிடமும் பயம், நெருப்பிடமும் பயம். இரண்டுக்கும் நடுவே ஒரு திருட்டு வழி கண்டுபிடித்தாள். கைக்காசைப் போட்டு ஒரு கிரில் பட்டறைக்காரரைப் பிடித்தாள். மேலிருந்து வருகிறவரை மறிக்கிற மாதிரியும், கீழிருந்து வருகிறவர் தள்ளினால் திறக்கிற மாதிரியும் ஓர் இரும்புக் கதவு, சிவப்புச் சாயம், மேலே 'வெளியே போகும் வழி' என்று அம்புக்குறி போட்ட பலகை. வாரத்துக்கு ஒரு கட்டிடம். காவலாளி கேட்டால், "கம்பெனி இன்ஸ்பெக்‌ஷன்."

"ஏன் மேடம், ஞாயித்துக்கிழமையா பாத்துக் கூப்பிடறீங்க?" என்றார் பட்டறைக்காரர், வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "கதவு வைக்கத்தான் வந்திருக்கோம். நீங்க முழிக்கறதைப் பாத்தா கதவைக் கழட்டிட்டுப் போக வந்த மாதிரி இருக்கு."

"சத்தம் போடாம சீக்கிரம் முடிங்க!"

"வெல்டிங்கை சத்தம் போடாம எப்படி மேடம் பண்றது?"

உயரமான கட்டிடத்திலிருந்து தொடங்கினாள். ஜனம் அதிகம் இருக்கிற இடம் முதலில் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். அம்மாவின் கட்டிடம் சின்னது, அதனால் கடைசி. இதில் பாதிதான் உண்மை. அம்மா அங்கே இல்லை, அதனால் கடைசி. அது அவளுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தாள்.

மகள் வீட்டில் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை, வம்பு பேச எதிர்வீட்டு டீச்சர் இல்லை. மருமகன் தங்கமானவர், ஆனால் அவரோடு எவ்வளவு நேரம் செய்தி பார்ப்பது? தினமும் காலையில் மேடம் செருப்பு மாட்டும்போது அம்மா கேட்பாள்.

"நம்ம பில்டிங்ல போட்டாச்சா?"

"போடறாங்கம்மா."

ஒரு நாள் அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நீ மெதுவா போடு. நான் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர்கிட்டச் சொல்லிடறேன். அந்த ஆளு நாளைக்கே போட்டுடுவாரு."

மேடம் மனதுக்குள் கணக்குப் போட்டாள். செயலாளருக்குத் தெரிந்தால் சங்கத்துக்குத் தெரியும், சங்கத்துக்குத் தெரிந்தால் முதலாளிக்குத் தெரியும், அப்புறம் அந்தக் கையெழுத்து.

"வேண்டாம்மா! போட்டாச்சு. நேத்துதான் போட்டாங்க."

"நெஜமா?"

"நெஜமாத்தான்."

மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்துவைத்த எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்த நர்ஸ், பெற்ற மகளை மட்டும் சோதிக்கவில்லை. போனை வைத்துவிட்டு, "அப்ப எனக்கு இங்க என்ன வேலை?" என்று பெட்டியை எடுத்தாள். சாயங்காலமே மூன்றாம் மாடி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மேடம் பட்டறைக்காரருக்கு உடனே போன் போட்டாள். அவர் வெளியூர் வேலையில் இருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வைத்துவிடலாம் என்றார். சரி, நடுவில் நாலைந்து நாள்தான், அதற்குள் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துவிட்டு, விரல் விட்டு மறுபடி எண்ணினாள்.

இரண்டாம் நாள் முற்பகல், புதிய கட்டிடத்தின் வரவேற்பறைக்கு எந்தக் கல் பதிப்பது என்று கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாம்பல் நிறமா, சந்தன நிறமா என்று சண்டை. அவள் போன் அடித்தது. எதிர்வீட்டு டீச்சர். இருமல்தான் முதலில் கேட்டது.

"கீழ கார் நிக்கற எடத்துல ஏதோ பத்திக்கிச்சு. படி முழுக்க புகை. நாங்க வெளிய வந்துட்டோம். உங்கம்மா வரலியே!"

காரை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே நினைவில்லை. வாசலில் கூட்டம், அழுகை, ஈரத் துணியால் மூடிய முகங்கள். நிலவறையில் சார்ஜில் போட்டிருந்த ஸ்கூட்டர் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. நிலவறைக் கதவுக்கு யாரோ வசதிக்காகச் செங்கல் முட்டுக்கொடுத்திருந்தார்கள். புகை முழுதும் அந்த வழியாகப் படிக்கட்டில் ஏறியிருந்தது. மின்சாரம் இல்லை. கட்டிடத்திலிருந்து தடுமாறி வெளியே வந்த ஒருவர் வாந்தி எடுத்துவிட்டுச் சொன்னார்.

"கீழயே போயிருப்பேன். ஒரு அம்மா அங்க நின்னு கத்தினாங்க. புடிச்சுத் தள்ளிவிட்டாங்க."

மேடத்துக்குக் கால் நகரவில்லை. எங்கே போனாலும் வெளியே போகும் வழியைத் தேடுகிற கால்கள் அவை. புடவைத் தலைப்பை மூக்கில் பொத்திக்கொண்டு, அழுதுகொண்டே, அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லோரும் வெளியே வருகிற வாசலுக்குள் எதிர்த்திசையில் நுழைந்தாள்.

தரைத்தளத்துக் கதவைத் தள்ளியதும் கண் எரிந்தது. ஒன்றும் தெரியவில்லை. குரல்தான் கேட்டது. வார்டையே அடக்குகிற குரல், இப்போது தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி.

"இந்தப் பக்கம்! கீழ போகாத! கதவு இந்தப் பக்கம்!"

அம்மா கீழே இறங்குகிற படியின் முகப்பில் நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் விரித்து ஒரு பக்கம் கைப்பிடியையும் மறுபக்கம் சுவரையும் பிடித்திருந்தாள். சிவப்புக் கதவு இருந்திருக்க வேண்டிய இடம் அது. மேலிருந்து மோதியவர்களை உடம்பால் தாங்கித் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள். மகள் கிட்டே போனதும் அவளையும் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள்.

"வெளிய போ! அங்க கதவு!"

"அம்மா, நான்தாம்மா! வாம்மா போயிடலாம்!"

அம்மாவுக்குக் காது கேட்கவில்லையோ, அடையாளம் தெரியவில்லையோ, மறுபடி தள்ளினாள். மேலே இன்னும் காலடிச் சத்தம் கேட்டது. குழந்தை ஒன்று இருமியது. மேடம் அம்மாவின் பக்கத்தில் போய் நின்று, சுவரில் ஊன்றியிருந்த கைக்கு மேல் தன் கையை ஊன்றினாள். பற்கள் அடித்துக்கொள்ள அவளும் கத்தினாள். "இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்!" தீயணைப்பு ஆட்கள் வந்து இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போகும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

யாரும் சாகவில்லை. அம்மாதான் அதிகம் புகையைக் குடித்திருந்தாள். தொண்டை வெந்திருக்கிறது, பேசவே கூடாது, குரல் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அன்றைக்கே ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று மேடம் சங்கச் செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மற்றக் கட்டிடங்களின் செயலாளர்களையும் தேடிப் பிடித்துச் சொன்னாள். முதலாளி கூப்பிட்டுச் சிரித்தார். பிறகு சிரிக்காமல் பேசினார். அவள் வேலை போனது, விளம்பரப் புத்தகத்திலிருந்து படம் போனது, அந்தக் கையெழுத்துக்காக விசாரணைக்கும் அழைப்பு வந்தது. எஞ்சிய கட்டிடங்களுக்குப் பட்டறைக்காரர் கிழமை பார்க்காமல் போய்க் கதவு வைத்தார்.

இதெல்லாம் அவளைப் பயமுறுத்தியது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. அம்மாவின் குரல் திரும்ப வேண்டும் என்று அவள் வேண்டாத தெய்வம் இல்லை. அதே சமயம், திரும்பினால் முதலில் என்ன சொல்லப்போகிறாள் என்று நினைத்து நடுங்கினாள். அம்மா கண்ணைத் திறக்கும்போதெல்லாம் தண்ணீர் வேண்டுமா, தலையணை வேண்டுமா என்று எதையாவது கேட்டு அந்தப் பார்வையிலிருந்து தப்பித்தாள்.

ஒரு நாள் காலையில் அவள் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அம்மா தொண்டையைச் செருமினாள். காற்றும் கரகரப்பும் கலந்து ஒரு குரல் வந்தது. திட்டவில்லை. கோபம்கூட இல்லை. தொலைந்த பொருளைப் பற்றி விசாரிக்கிற மாதிரி கேட்டாள்.

"போட்டாச்சுன்னு சொன்னியேடி?"

மேடம் சீப்பைப் பிடித்தபடி நின்றாள். அவள் கண்கள் பழக்கத்தில் அறைக் கதவுப் பக்கம் போயின. பிறகு திரும்பி வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தன.

"போடலம்மா" என்றாள்.